வடிகால் திறக்கச் சொல்லும் இதயம்

இன்று காலை ஆய்வகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றியபோது விரலில் ஒட்டிய வாசனை உன் கடையின் வாசனை. திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் சுருள் சுருளாகத் தொங்கிய ரப்பர்க் குழாய்களும், நார்க் கயிறும், தார்ப்பாயும், அவற்றுக்கு நடுவே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நீயும் ஒரு கணம் இந்தத் தஞ்சாவூர் அறைக்குள் வந்துவிட்டீர்கள்.

உறைக்குள் இரண்டு தாள்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்ற வழக்கமான வரிசை முடிந்த பிறகு, இரண்டாம் தாளின் அடியில் ஒரு வரி தனியாக நிற்கிறது. இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோனின் பெயரும், என் இரத்தத்தில் அதன் அளவும், இயல்பின் எல்லையும். ஆண்டுதோறும் செய்துகொள்ளும் பரிசோதனையில் என் இசிஜியைப் பார்த்த மருத்துவர் இதையும் சேர்த்து எழுதினார். அந்தப் பெயரை நான் முதன்முதலில் படித்தது உன் பரிசோதனைத் தாளில். உன் எண் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. என் எண் சற்றே தாண்டியிருக்கிறது.

நான்கு மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்போது பதினொன்று. அதற்குள் இதை உனக்கு எழுதிவிட எண்ணுகிறேன். எதிர்தரப்பினர் இறந்துவிட்ட நிலையில் இந்த மனுவை எந்த நீதிமன்றமும் கோப்பில் ஏற்காது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் உன் விஷயத்தில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. நீ உயிரோடிருந்தபோது அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அதே தவறை இன்று நான்கு மணிக்கு என் விஷயத்திலும் செய்துவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது.

நீ சாட்சி சொன்ன நாளிலிருந்து தொடங்குவதே முறை. இரண்டு பங்காளிகளுக்கிடையே வாய்க்கால் வழக்கு; வாதிக்கு நான் வக்கீல். உன் கடையின் கொல்லைப்புறம் அந்த வாய்க்காலை ஒட்டியிருந்ததால் உன்னை எங்கள் தரப்புச் சாட்சியாக அழைத்தேன். வாதியைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று ஒரு சொல் போதும். நீயோ வாதியின் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன கதையிலிருந்து தொடங்கினாய்.

"அது இருக்கட்டும். வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சுங்கய்யா. தண்ணி மட்டுமா வந்துச்சு? ஒரு தடவ பிரதிவாதியோட செருப்பே வந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். அதுக்கு ஒரு டீ கூட வாங்கித் தரல."

நீதிபதி சிரிப்பை மறைக்கக் கோப்பைப் பார்த்தார். எதிர்தரப்பு வக்கீல் மறைக்கவில்லை. அந்தச் செருப்பை வைத்துக்கொண்டு அவர் பிற்பகல் குறுக்கு விசாரணையில் என்ன செய்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மதிய இடைவேளையில் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உன்னை உட்கார வைத்துச் சொன்னேன்: "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காதத நீயா சொல்லாத. ஒரு வார்த்தை கூடுதலா வேண்டாம்."

"அப்ப என்னைய எதுக்குக் கூப்பிட்ட, மச்சான்? என் போட்டோவக் கொண்டாந்து கூண்டுல வச்சிருக்கலாமே."

ஆனால் பிற்பகலில் நீ வேறு மனிதனாக நின்றாய். வாய்க்கால் எவ்வளவு அகலம் என்றார் எதிர்தரப்பு வக்கீல். "அளக்கலைங்க." சுமாராகச் சொல்லுங்கள் என்றார். "சுமாரா அளக்குற பழக்கம் இல்லைங்க." கயிற்றை முழங்கையால் சுமாராக அளந்து விற்றே பிழைத்தவன் நீ. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குறுக்கு விசாரணையை அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாய். வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டு வெயிலில் நின்று சம்பாதித்ததைக்கூட நீ அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

பிறகு அந்த ஆண்டு வந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்து, குறுவை நடவு முடியாத வயல்களில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். பம்புக்குக் குழாய் கேட்டு உன் கடையில் கூட்டம் நிற்க வேண்டிய பருவம். நான் ஒரு வழக்குக்காக வந்திருந்தேன். பிற்பகல் நான்கு மணிக்கு உன் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே நீ தனியாக உட்கார்ந்திருந்தாய்.

"என்னமோ பயமா இருக்கு, மச்சான். என்ன பயம்னு கேக்காத. தெரிஞ்சா பயப்பட மாட்டேன்ல."

உன் மனைவி வாசல்வரை வந்து என்னிடம் சொன்னாள்: "சோறு எறங்கல, அண்ணே. யாரு வந்தாலும் பேச்சு இல்ல. இவரு பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு சாய்வு நாற்காலியிலயே உக்காந்து தூங்குறாரு."

மகளைக் கட்டிக்கொடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பிய வருத்தம் என்றார்கள் உன் உறவினர். எனக்கும் அது பொருத்தமான விளக்கமாகவே பட்டது. "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுதான்" என்று நான் சொன்னேன். மனசு என்பது உடம்பின் அதிகார வரம்புக்கு வெளியே உள்ள ஏதோ ஓர் ஊர் என்பதுபோல் சொன்னேன்.

அடுத்த வாரம் உன்னை மருத்துவரிடம் அழைத்துப் போனது நான்தான். எந்த ஊர், எந்த மருத்துவர் என்பதை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர்மீது குறை சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். கேட்க வேண்டியவற்றை அவர் கேட்டார். நான் சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லைங்க."

"நெஞ்சு வலி?"

"இல்லைங்க."

"தூக்கம் வருதா?"

"வருதுங்க."

"படபடப்பு, பயம் மாதிரி?"

"அது இருக்குங்க."

ஒவ்வொரு பதிலும் உண்மை. அதை நான் சத்தியப் பிரமாணமாகவே சொல்வேன். ஆனால் அதற்கு நான்கு நாள் முன்புதான் நான் உன்னிடம் ஒரு தார்ப்பாய் கேட்டிருந்தேன். "மேல கிடங்குல இருக்கு, நீயே ஏறி எடுத்துக்க, மச்சான். நான் ஏறி ரெண்டு மாசமாச்சு. நாலு படிக்கே இழுக்குது" என்று சொன்னாய். நானே ஏறி எடுத்தேன். ஏறாதவனுக்கு மூச்சு வாங்காது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் வரும். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறையில் நான் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று என்னை நானே பலமுறை விசாரித்திருக்கிறேன். சாட்சி பதில் சொல்லும்போது வக்கீல் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்ற தொழில் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். இதைவிட முக்கியமான கேள்விகளை மருத்துவர் கேட்பார் என்று நம்பியிருக்கலாம். உனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு படித்தவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மிஞ்சியிருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். உன் பதில்களின் கச்சிதத்தை அந்த நேரத்தில் நான் ரசித்தேன்.

வெளியே வந்ததும் என் முழங்கையை இடித்தாய். "பாத்தியா, மச்சான்? ஒரு வார்த்தை கூடுதலா பேசல."

"இப்பதான் உருப்பட்ட" என்றேன். இருவரும் சிரித்தோம். பதற்றத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

நான்கு மாதம் கழித்து நீ கடையில் சரிந்து விழுந்தாய். தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தார்கள். கால்கள் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்து, இதயம் வெகுநாளாகவே தளர்ந்திருந்தது தெரியவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது அறைக்கு மாற்றிய அன்று நான் வந்தபோது, பரிசோதனைத் தாளை நீயே கையில் வைத்திருந்தாய்.

"என் மார்க்கப் பாரு, மச்சான். பள்ளிக்கூடத்துல இப்பிடி வாங்கியிருந்தா எங்க அத்தா என்னைய கப்பலேத்தி அனுப்பியிருக்க மாட்டாரு."

அந்த வார்டில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். உன் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேற என்ன செய்யுது, ஐயா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அனுமதி கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு பேசத் தொடங்கினாய். கிடங்குப் படி, சாய்வு நாற்காலி, கால் வீக்கத்துக்காகப் பெரிய அளவாகப் பார்த்து வாங்கிய செருப்பு, நான்கு மணிக்கு வரும் பயம், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் ஷட்டரை இறக்கியது, மகள் இல்லாத வீடு, வாதியின் கல்யாணச் சாம்பார் உட்பட அனைத்தும். அரை மணி நேரம். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு நீ ஆரஞ்சுச் சுளை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். "பயம் போயிடுச்சு, மச்சான். சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போயிடுச்சு" என்றாய். அதற்கு ஒன்பதாம் நாள் நீ போனாய். அந்த ஒன்பது நாளும் பயம் திரும்பி வரவில்லை என்று உன் மனைவியும் மகளும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இரண்டு வாக்குமூலங்களும் ஒத்துப்போகின்றன.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு உன் மகள் ரிஸ்வானாவிடம் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவள். என் கேள்விகளுக்குப் பொறுமையாகவே பதில் சொன்னாள்.

"இதயம் வெறும் பம்பு இல்ல, மாமா. தண்ணி மிஞ்சி அதோட சுவர் இழுபட்டுச்சுன்னா, அதுவே ஒரு ஹார்மோன ரத்தத்துல விடும். உப்பையும் தண்ணியையும் வெளியேத்துன்னு சிறுநீரகத்துக்கு அது சேதி. நம்ம ஊர்ல வயல்ல தண்ணி ஏறுனா வடிகாலத் தொறக்க ஆள் அனுப்ப மாட்டோமா? அந்த மாதிரி."

"சேதி போயும் ஏன் வடியல?"

"ரொம்ப நாள் ஆனா சேதிக்கு மதிப்பு குறைஞ்சிடும், மாமா. ஆள் மேல ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கும். அதான் அத்தாவுக்கு அந்த எண்ணு."

"பயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

"இருக்கலாம்னு சொல்றாங்க. இதுல ரெண்டு மூணு வகை இருக்கு. அதுல ஒண்ணு, பதற்றத்தக் கிளப்புற ஹார்மோன்கள அடக்குது, பயத்தக் கொஞ்சம் தணிக்குதுன்னு ஒரு கருத்து. இதே குடும்பத்து ஹார்மோன் மூளையிலயும் இருக்கு."

"அப்படின்னா அளவு கூடக்கூட பயம் குறையணும். உங்க அத்தா ஏன் பயந்தாரு?"

"குறுக்கு விசாரணையா, மாமா?" என்று சிரித்தாள். உன் சிரிப்பு. "அங்கதான் சிக்கல். இன்னொரு வகை கூடுதலா இருக்கறவங்களுக்கு மனச்சோர்வும் கூடுதலா இருக்குன்னு சிலர் சொல்றாங்க. சிலர் அப்படிப் பாக்கலைங்கறாங்க. நோய் முத்துறதால சோர்வா, சோர்வால இதயம் கெடுதா, ரெண்டும் ஒண்ணா வருதான்னு இன்னும் பிரிக்க முடியல. 'இருக்கலாம்'ங்கறதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடித்தது. ஒரே பேருந்திலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள் என்பதற்காக ஒருவர்தான் மற்றவரை அழைத்து வந்தார் என்று தீர்ப்பு எழுத முடியாது. இதை நாற்பது ஆண்டுகளாக வாதாடி வந்திருக்கிறேன்.

ஆயினும் உன் விஷயத்தில் என் மனம் ஒரு முடிவை விரும்புகிறது. சுமை தாங்காமல் விரிந்த உன் இதயம், தனக்கு வடிகால் தேடியபோதே உன் பயத்தையும் தணித்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். நான் செய்யத் தவறியதை உன் உடம்பே உனக்குச் செய்துகொண்டது என்று ஆகிவிட்டால் என் பாரம் குறையும். ஆனால் நுரையீரலில் கோத்திருந்த நீரை மருந்து இறக்கியதால் பயம் போயிருக்கலாம். அரை மணி நேரம் நீ விரும்பியபடி பேச முடிந்ததால் போயிருக்கலாம். எனக்குச் சாதகமானது என்பதற்காக ஒன்றை மட்டும் சான்றாக ஏற்பது முறையாகாது. மனசுதான் என்று அன்று நான் சொன்னது பிழையான தீர்ப்பு என்பது மட்டும் உறுதி. உன் பயமும் உன் மூச்சும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சிகளாக இருந்திருக்கலாம். நான் ஒன்றை விசாரிக்காமலே அனுப்பிவிட்டேன்.

மணி மூன்று ஆகிறது. என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் சட்டப் புத்தகங்கள் மாடி அறையில் இருந்தன என்பது உனக்குத் தெரியும். தூசி அதிகம் என்று சொல்லி மூன்று மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்துவிட்டேன். தூசி காரணம் அல்ல. மாலை ஐந்து மணியளவில், வழக்குக் கட்டுகளுக்கு நடுவே, காரணம் இல்லாத ஒரு நடுக்கம் வருகிறது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரிஸ்வானா காரோடு வந்து வாசலில் நிற்கிறாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

*

திரும்பி வந்துவிட்டேன். மணி ஏழு.

மருத்துவர் தாளைப் பார்த்தார். ரிஸ்வானா சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"படி ஏறினா மூச்சு வாங்குதா, சார்?"

"இல்லை" என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. உண்மையான, கச்சிதமான சொல். அதை விழுங்கினேன்.

"ஏறுறதில்லைங்க, டாக்டர். மூணு மாசமா ஏறுறதில்ல. ஏன் ஏறுறதில்லைன்னு நீங்க கேக்கல. இருந்தாலும் சொல்றேன். சாயங்காலம் ஆனா பயமா இருக்கு. அதையும் எழுதிக்கங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். இருபது நிமிடம் பேசினேன். எண் சற்றுத்தான் கூடுதல், இப்போதே வந்தது நல்லது, இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்ப்போம், பயத்தையும் தனியாகக் கவனிப்போம், அதை விட்டுவிட மாட்டேன் என்றார்.

வரும் வழியில் புது ஆற்றுப் பாலத்தில் போக்குவரத்து நின்றிருந்தது. கீழே தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்தபடியே சொன்னேன்: "அன்னிக்கு உங்க அத்தாவோட டாக்டர் ரூம்ல நானும் இருந்தேம்மா. அவரு படி ஏறுறதில்லைன்னு எனக்குத் தெரியும். நாற்காலியில தூங்குறதும் தெரியும். நான் வாயத் தொறக்கல."

முன்னால் நின்ற பேருந்து நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"தெரியும், மாமா."

"யாரு சொன்னா?"

"அத்தாதான். ஆஸ்பத்திரியில. 'உங்க மாமாவுக்கு இது என்னிக்காவது ஒறைச்சா தாங்க மாட்டாரு. நீயா ஒண்ணும் சொல்லிடாத. கேட்டா மட்டும் சொல்லு'ன்னாரு. தன் மேல எனக்கு வருத்தம்னு நெனைச்சுக்கப் போறாரு, அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லுன்னாரு."

நீ போய் இரண்டு ஆண்டுகள். அவள் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன். ஹார்மோனைப் பற்றி எவ்வளவோ கேட்டேன். இதைக் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் சொல்லவில்லை. நான் உனக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் கற்பித்த விதியைக் கடைசியாக ஒருமுறை, எனக்கு நோகக் கூடாது என்பதற்காகப் பயன்படுத்தியிருக்கிறாய். மற்ற எல்லாவற்றையும் வாய் ஓயாமல் சொன்னவன், இது ஒன்றை மட்டும் கச்சிதமாகப் பொத்தி வைத்துவிட்டுப் போனாய்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ரிஸ்வானா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேற என்ன செய்யுது, மாமா?" என்று கேட்டாள்.

சொல்லத் தொடங்கினேன். வீடு வந்து, அவள் இஞ்சினை நிறுத்திய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். சாம்பார் தீர்ந்துபோன கல்யாணத்தையும் விடவில்லை, மச்சான். அது இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.